தாழ்ப்பாள்

கிறகோரி அண்ணன் செத்த எட்டாம் நாள்
தச்சனைக் கூப்பிட்டு
அவனுடைய அறைத் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன்.
உள்பக்கத் தாழ்ப்பாள்.
திருகாணி நாலும் துருவேறி மரத்தோடு மரமாகி
வரமாட்டேன் என்றன.
"எத்தனை வருசம் இது?"
ஐம்பத்தொன்று ஓகஸ்ட்,
பப்பாவை அடக்கம் பண்ணிய மறுநாள்
என்று நான் சொல்லவில்லை.
"பழசு" என்றேன்.

ஜம்பட்டா வீதியில் இந்த வீட்டைக் கடக்கும்போது
இன்னமும் குரலைத் தாழ்த்துகிறார்கள்.
கருவாட்டுக் கொரேராவும் இரண்டாம் தாரமும்
ஒரே கட்டிலில்.
அலவாங்கு அகப்படவில்லை.
கிணற்றை மூன்று தரம் இறைத்தார்கள்;
ஒரு வாளி, ஒரு செம்புக் கரண்டி,
நான் ஆறு வயதில் தொலைத்து அடி வாங்கிய கொலுசு.
ஒரு பொலிஸ்காரன் அதைத் துடைத்து
என் கையில் தந்தான்.

புதுக்கடைக் கோர்ட்டில்
ஏழு பேர் ஜூரி, ஒருவருக்குக் கடுமையான தடிமன்.
வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சொன்னேன்:
"இரண்டு மணிக்கு அண்ணன் இருமினது கேட்டது.
அவன் அறையில்தான். இரண்டு தரம்."
இருமலைப் பிரக்கிராசி சொல்லித் தந்தார்.
இரண்டு தரம் என்பது என் கைச்சரக்கு.
கூண்டுக்குள்ளிருந்து அண்ணன் என்னைப் பார்த்தான்.
நன்றி என்றே அதை எடுத்துக்கொண்டேன்
நாற்பத்தாறு வருசம்.

அவன் முறை வந்தபோது சொன்னான்:
"தண்ணி குடிக்க எழும்பினேன்.
தங்கச்சி பாயில் நித்திரை.
போர்வை விலகிக் கிடந்தது, இழுத்து மூடிவிட்டேன்."

நான் பாயில் இல்லை.
பின்மதிலடியில், பக்கத்து அச்சுக்கூடத்துப் பையனோடு
கதைத்துக்கொண்டு நின்றேன்.
அவன் விரல்களில் மை. எழுத்துகளைத் தலைகீழாய் வாசிப்பான்.
வழக்கு முடியுமுன் இரத்தினபுரிப் பக்கம் போனவன்
பிறகு தகவல் இல்லை.

ஆக, அண்ணன் வெறும் பாயைப் பார்த்திருக்கிறான்.
அல்லது
பார்ப்பதற்கு அவன் வீட்டிலேயே இல்லை.

விடுதலையாகி வந்தவனுக்கு மீன் வறுத்துக் கொடுத்தேன்.
அவன் முள் எடுத்து என் தட்டில் வைத்தான்.
பத்திரிகைக்காரர் வந்தால்
முந்திக்கொண்டு வாசலுக்குப் போவான்;
அவன் முதுகுக்குப் பின்னால் நான் நிற்பேன்.
பாண் வாங்குவது அவன், வெட்டுவது நான்.
கத்தியை எப்போதும் பிடியை என் பக்கம் திருப்பித் தருவான்.
ஒன்பது மணிக்கு அந்தச் சத்தம்: டக்.
மனச்சாட்சிக்குப் பயந்து பூட்டுகிறான், பாவம்,
என்று செபமாலையில் அவனுக்காக ஒரு பத்து கூட்டிச் சொல்வேன்.

எண்பத்துமூன்று ஜூலையில் தெரு எரிந்தபோது
பரணில் இரண்டு இரவு,
அவன் உள்ளங்கை என் வாயைப் பொத்தியபடி.
நாங்கள் இருவரும் கண் மூடவில்லை.
வெளியில் நின்றவர்களுக்குப் பயந்துதானா
என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பெரியாஸ்பத்திரியில் கடைசி வாரம்
கஞ்சி கொண்டுபோனேன்.
கரண்டியை வாயருகே நீட்டினதும்
தலையை மெல்லத் திருப்பி,
கோபமில்லாமல், பழகின ஒரு மரியாதையோடு,
"நீ ஒரு வாய் குடி, பிலோ" என்றான்.
குடித்தேன்.
கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான்.
பிறகு முழுவதையும் குடித்தான்.

தச்சன் கழற்றிவிட்டான்.
கதவில் நாலு ஓட்டை, கொஞ்சம் மரத்தூள்,
ஒரு கைநீளத்துக்கு வெயில் படாத பழைய பச்சை.
கூலியை எண்ணிக் கொடுத்தேன்.

இரவு அவன் கட்டிலில் படுத்துப் பார்த்தேன்.
நானில்லை, அது எனக்குத் தெரியும்.
அவனுமில்லை என்றால்...
துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது.
எழும்பிப் போய்
நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முண்டு கொடுத்தேன்.

இரண்டு தரம் இருமினேன்,
யாருக்காவது கேட்கட்டும் என்று.